துட்டிக்குப் போன லேப்

நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் ஆறு பேர். எங்களில் யாருக்காவது ஒரு தூரத்துச் சொந்தம் இறந்தால் போதும், ஆறு பேரும் துட்டி கேட்கக் கிளம்பிவிடுவோம். கதவில் 'இப்போ வருவோம்' என்று அட்டை தொங்கும். யூனிஃபார்ம், அடையாள அட்டை, சிரித்த முகம் எல்லாவற்றுக்கும் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். இப்படி லேபை அடைத்துவிட்டுப் போகலாமா என்பதைப் பற்றி அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்றைக்கு இறந்தவர் மேனேஜரின் சித்தப்பாவுக்கு மாமனார். நானும் வேனில் ஏறினேன். ஏறாவிட்டால் 'இவளுக்கு மனசே இல்ல' என்பார்களே! திரும்பும்போது மணி பதினொன்று.

லேப் படியில் ஒரு அம்மா சரிந்து கிடந்தார். கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுகிறவர். காலில் ஆறாத புண். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்து வந்தால்தான் ஆபரேஷனுக்குத் தேதி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து, முதல் பஸ்ஸில் வந்து, அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிர்க்கடைக்காரர் சீனித் தண்ணி கொடுத்து எழுப்பினார். சோதனை அதோடு போயிற்று.

"கொஞ்சம் பொறுத்து எடுத்தா ஆவாதா மக்கா?" என்று கேட்டார். நாங்கள் துட்டிக்குப் போயிருந்ததையும், இன்னொரு நாள் பட்டினியாகத்தான் வர வேண்டும் என்பதையும் நாக்கு கூசச் சொன்னேன்.

"செரி, வாறேன். சாவு வீட்டுக்குப் போவாண்டாமா?" என்றார் அவர்.

"பாத்தியா, அவியளுக்கே புரியுது" என்றார் மேனேஜர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அஞ்சு பேரு போனா பொணம் எழும்பிக் கோவிச்சுக்கிடுமா சார்? ஒருத்தி இஞ்ச இருந்தா என்ன?"

"வாய அடக்கு. நாளைக்கு ஒனக்க வீட்டுக்கு ஆரு வருவா?"

"ஆரும் வராண்டாம்!"

மூன்று நாள் என்னோடு ஒருவரும் சரியாகப் பேசவில்லை. போங்கள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் அந்த அம்மா வந்தார். கையை நீட்டிக்கொண்டே, "அன்னைக்குப் படியில விழுந்து ஒங்களயெல்லாம் பதற வச்சு வெப்ராளப்படுத்திட்டேன், பொறுத்துக்கிடணும்" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவர்கள் ஆறு பேர். அதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை, அத்தனை சத்தம் போட்ட நான் உட்பட.