தொப்புளிலிருந்து இரண்டு விரல்

டயாலிசிஸ் பிரிவில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாகக் குத்துகிறாள். வலித்தது என்று ஒருத்தரும் முகம் சுளித்ததில்லை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சரியாக ஊறாது. ஊற வைக்க ஒரு ஊசி உண்டு. அதை வீட்டிலேயே போட்டுக்கொள்ள நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவள் வேலைதான்.

"தொப்புள்ல இருந்து ரெண்டு விரல் தள்ளி, சதையைக் கிள்ளிப் பிடிச்சுக்குங்க. இந்தத் தடவை வலது பக்கம்னா அடுத்த தடவை இடது. குத்தின இடத்துலயே திரும்பக் குத்தாதீங்க."

அவள் தம்பி சைக்கிள் பந்தயக்காரன். அம்மா போன பிறகு அவள் கையில் வளர்ந்தவன். அக்காவை அழைத்துப்போக வந்தால், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மூலை நாற்காலியில் காத்திருப்பான். ஊசியை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். சின்ன வயதில் தடுப்பூசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்த வீரன்!

ஒருநாள் மெல்ல வாயைத் திறந்தான். "அக்கா, அந்த ஊசியை எனக்கும் போட்டு விடேன். பந்தயத்துல பாதிப்பேர் போடறாங்க. மூச்சே வாங்காதாம்."

"அவங்களுக்கு ரத்தம் கம்மிடா. உனக்குத்தான் இருக்கே? இன்னும் ஏத்தினா கூழாயிடும். எங்கயாவது அடைச்சுக்கிட்டா செத்துப் போயிடுவே."

"சரி, விடு" என்று சிரித்தான். அவளும் விட்டுவிட்டாள். தானே குத்திக்கொள்ள இந்தப் பயந்தாங்கொள்ளிக்கு ஏது தைரியம் என்று நிம்மதியாக இருந்துவிட்டாள். அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை அவளால் மன்னிக்க முடியவில்லை.

நூற்றெண்பது கிலோமீட்டர் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தான். தொண்டை கட்டும்வரை கத்தினாள். "பாத்தியா, ஊசியும் இல்ல, ஒண்ணும் இல்ல!" என்று முதுகில் தட்டினாள். அவன் நிமிராமல் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது வாசற்படியிலேயே சரிந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரத்தம் கட்டியாகி மூளையில் அடைத்துவிட்டது என்றார் டாக்டர்.

உடம்பைத் துடைக்க அவள் வேறு யாரையும் விடவில்லை. சட்டையை விலக்கினாள். வயிற்றில் பொட்டுப் பொட்டாகக் கன்றிப்போன ஊசித் தடங்கள். வலதில் ஒன்று, இடதில் ஒன்று. தன் விரலை வைத்துப் பார்த்தாள். தொப்புளிலிருந்து சரியாக இரண்டு விரல். ஒரு இடத்தில்கூட இரண்டாம் முறை குத்தியிருக்கவில்லை.

பாவி, மூலையில் உட்கார்ந்து முகத்தை மட்டும்தான் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

இப்போதும் அவள்தான் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். தொப்புள் என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்திவிடுகிறாள். தன் வயிற்றில் இரண்டு விரலை வைத்துக் காட்டுகிறாள்.