கூரை மேல் போன என் பல்செட்

இதைப் படிக்கிற பிள்ளைகளில் யாருக்காவது பல் ஆடுகிறதா? முடிச்சூரில் எங்கள் வீட்டில் என் மகள் ஜெனிக்கு முதல் பால்பல் விழுந்தது. புதுசு சீக்கிரம் முளைக்கட்டும் என்று, ஊர் வழக்கப்படி அதைப் பக்கத்து வீட்டு ஷீட் கூரை மேல் வீசினோம்.

பைக்கில் விழுந்ததில் எனக்கும் முன்பல் இரண்டு இல்லை. கழற்றி மாட்டுகிற பல்செட்தான். பேசினாலே ஆடும். விழுந்துவிடுமோ என்று நான் வாய்விட்டுச் சிரிப்பதே இல்லை.

மறுநாள் காலை, டம்ளர் தண்ணீரில் போட்டிருந்த பல்செட்டைக் காணவில்லை.

"ஜெனி, அப்பா பல்லு எங்கம்மா?"

"கூரை மேல போட்டுட்டேன்பா. உனக்கும் புதுசா முளைக்கும்ல?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஓட்டை வாயோடு அவள் ஆசையாக நின்றதைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

கூரையில் தேடியும் கிடைக்காததால், இன்னொரு செட் கேட்டுத் தாம்பரத்தில் பல் டாக்டரிடம் போனேன். "இன்னொரு செட் எதுக்கு சார்? இம்ப்ளாண்ட் வச்சிக்கோங்க. தாடை எலும்புல சின்ன ஸ்குரு வச்சா, எலும்பு அதைப் பிடிச்சுக்கும். அது மேல பல்லு. கழட்டவே வேணாம்" என்றார்.

எலும்பு பிடிக்கச் சில மாதம் பொறுத்திருந்தேன். இப்போது கொய்யாக்காயைக் கடித்தே தின்கிறேன். சர்ச்சில் பயமில்லாமல் சத்தமாகப் பாடுகிறேன்.

"இது முளைக்கலடா, டாக்டர் வச்சது" என்று ஜெனியிடம் உண்மையைச் சொன்னேன்.

"நான் தூக்கிப் போட்டதாலதானே டாக்டர்கிட்டயே போன?"

அதுவும் உண்மைதான். இனி நமக்கு ஆடுகிற பல்செட்தான் என்று நான் விட்டுவிட்டிருந்தேன். அவள் விடவில்லை.