லொங்குய்ய் வரை போய் வாங்கி வந்த ஈரம்

குளிர்காலத்துக்கு, காற்றுக்கு ஈரம் தரும் ஹியூமிடிஃபையர் வாங்கக் கிளம்புகிறவர்களே, ஒரு நிமிடம் நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள். எழுபத்து மூன்றாம் வருட ஜனவரி, ஒரு சனிக்கிழமை. பிரெஞ்சு பேசும் பனிநகரத்தின் ஓரத்தில், பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக் காற்று ஹீட்டர் ஓடி ஓடி அப்பளமாய்க் காய்ந்திருந்தது. இரண்டு வயது மகள் வித்யாவுக்குத் தினமும் மூக்கில் ரத்தம். உடம்புச் சூடு என்று மோர் கொடுத்தோம், உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தோம். டாக்டர்தான் காற்றில் ஈரம் வேண்டும் என்றார். கடையில் இருந்ததெல்லாம் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் ரகம். கண்டதை இழுக்கிற குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள் மனைவி சரோஜா.

லொங்குய்யில் ஒருவர் வீட்டுச் சாமான் விற்பதாகப் பத்திரிகையில் விளம்பரம். மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தவன் சும்மா இருப்பேனா? போன் போட்டு, "டெஸ் உமிடிஃபிகாத்தேர்" இருக்கிறதா என்று கேட்டேன். ஹியூமிடிஃபையருக்குப் பிரெஞ்சில் 'உமிடிஃபிகாத்தேர்'; முன்னால் 'டெஸ்' போட்டால் 'சில' என்று அர்த்தம். "உய், உய்", ஆமாம் ஆமாம் என்றார்.

காலை 8.40 ரயிலில் நகர மையத்துக்கு நாற்பது நிமிடம். பிறகு மெட்ரோ, நடுவில் மஞ்சள் தடத்துக்கு மாறி, ஆற்றுக்கு அடியில் புகுந்து அக்கரையில் லொங்குய்ய். அங்கிருந்து பனியில் இருபத்தைந்து நிமிட நடை. 'சில' என்றவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"சூடாகுமா?"

"ஆகாது."

"ஆவி வருமா?"

"வரவே வராது, மெஸ்யு. எங்க நிலவறை எப்படிக் காய்ஞ்சு கிடக்கு பாருங்க!"

இவ்வளவு காய்ந்து கிடந்தும் இதை விற்கிறாரே, பாவம் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல! இருபத்திரண்டு டாலர் கொடுத்து, நாற்பது பவுண்டு கனத்தைத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து வந்தேன்.

வீட்டில் ஸ்விட்சைப் போட்டு, அதன் வாளியில் தண்ணீர் ஊற்றினேன். இயந்திரம் நின்றது. கொட்டினேன், ஓடியது. மறுபடி ஊற்றினேன், நின்றது. சனியன்! இதற்குள் வித்யா தும்ம, மறுபடி ரத்தம். சரோஜா அகராதியைப் புரட்டினாள்.

"என்னங்க, 'சில'வும் இல்ல, பலவும் இல்ல. 'டெஸ்'ஸையும் சேத்து மொத்தமும் ஒரே வார்த்தை. காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சி வாளியில விடுற மெஷினாம், வாளி நிறைஞ்சா நிக்காம என்ன செய்யும்? குழந்தை மூக்குல மிச்சமிருக்கிற ஈரத்தையும் எடுக்கத்தான் ஆத்தைத் தாண்டிப் போனீங்களா?"

ஆகவே நண்பர்களே, வாயால் கேட்டு வாங்காதீர்கள். பெட்டியில் இருப்பதை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். கொதிக்க வைக்காத, குளிர்ந்த திவலை விடும் ரகம் குழந்தைக்கு நல்லது. ஆனால் தினமும் தண்ணீரை மாற்றித் தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஜன்னலில் நீர் வழிந்தால் நிறுத்திவிடுங்கள்.

அது கிடைக்கும்வரை எங்களுக்கு என் வேட்டிதான். சரோஜா அதை நனைத்துப் பிழிந்து, குழந்தைக்கு எட்டாத கொடியில் போடுவாள். இரண்டே மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும், மறுபடி நனைப்போம். நான்காம் நாள் காலை, வித்யாவின் தலையணை உறையில் ஒரு பொட்டு ரத்தமில்லை. சரோஜா அதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் என்னோடு பேசினாள்.