பெடல் மேல் வைத்த கல்

கோபால்சாமி மாமா சோற்றை ஸ்பூனால்தான் சாப்பிடுவார். எங்கள் ஊரில் வேறு யாரும் சாமைச் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எங்களுக்கு அடுத்த வீடு, முறைக்கு எனக்கு மாமா. ஜமுனாமரத்தூரில் ஒரு மாணவர் விடுதியில் சாக்கடை அடைப்பு எடுப்பது அவர் வேலை. முதலில் மூங்கில் தப்பையை விட்டுக் குத்துவார். தப்பைக்கு மசியாத அடைப்பென்றால் கையை விடுவார், முழங்கை வரை. என்ன சோப்புப் போட்டாலும் விரல் நாற்றம் சோற்றில் ஏறுகிறது என்று ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனை இடுப்பில் செருகி வைத்திருந்தார். "தொர வந்துட்டாரு, எல போடுங்க" என்று கல்யாணப் பந்தியில் கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார். அவருக்குப் பக்கத்து இலையில் மட்டும் யாரும் உட்கார மாட்டார்கள். அதை யாரும் கேலியாகச் சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு விடுதிக்கு மிஷின் வந்தது. ஒரு டிரம், அதற்குள் சுருட்டிய நீளமான இரும்பு ஸ்பிரிங், ஒரு மோட்டார், தரையில் வைத்து மிதிக்க ஒரு பெடல். பெடலை மிதித்தால் டிரம் சுற்றும், ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு குழாய்க்குள் போய் அடைப்பைக் கிழிக்கும். விடுதியின் துப்புரவுக் காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்த குணசீலன், படவேட்டுக்காரர், ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டு இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மாமா அதை என்னிடம் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி முடித்தவன் நான். வேலை கிடைக்காமல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து சொன்னேன். துணி கையுறை கூடாது, தோல் கையுறை. சட்டைக் கையைப் பொத்தான் போட்டு மூட வேண்டும். ஈரத்தில் நின்று பிளக்கைத் தொடக் கூடாது. ஒவ்வொன்றையும் அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பெடல் பக்கம் வந்தபோது, "மிதிச்சா ஓடும் மாமா" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. படித்தேன். இதையெல்லாம் எவன் செய்வான் என்று நினைத்தேன்.

அந்த வாரம் மாமா ஸ்பூனை அடுப்பில் போட்டார். வீடெல்லாம் பிளாஸ்டிக் புகை. அத்தை கெங்கம்மாள் திட்டித் தீர்த்தது. மாமா அன்றைக்குக் கையால் பிசைந்து இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அந்த வருட ஆயுத பூசைக்கு, குணசீலனிடம் கேட்டு, மிஷினை ஷேர் ஆட்டோவில் ஊருக்குக் கொண்டுவந்தார். கலப்பைகளுக்குப் பக்கத்தில் சாக்கடை மிஷினா என்று ஒன்றிரண்டு பேர் முனகினார்கள். மாமா அதை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அத்தை அதைத் துடைத்து, டிரம், மோட்டார், பெடல் என்று ஒன்று விடாமல் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தது. ஓட்டிக் காட்டுகிறேன் என்று மாமா பெடலில் காலை வைத்தார்.

"பொட்டு வெச்சதுல காலு வெக்கிற. இன்னா மனுசன் நீ?" என்றது அத்தை.

அவர் காலை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அதில் வைக்கவே இல்லை. எங்கள் மலையில் எதற்கும் ஒரு கல் உண்டு. கூரைத் தகரம் பறக்காமல் இருக்கக் கல், சாமை காயும் தார்ப்பாய்க்கு நாலு மூலையிலும் கல். ஓடையிலிருந்து ஒரு தட்டைக் கல்லை எடுத்துவந்து கழுவி, பெடல் மேல் வைத்தார். மிஷின் தானாக ஓடியது. இரண்டு கையும் குழாய் வாயருகே, கால் சாமான் மேல் இல்லை. அவருக்கு அது இரட்டை வசதி.

ஒருநாள் விடுதிக்குப் போனபோது அந்தக் கல்லை நான் பார்த்தேன். என்ன மாமா இது என்று கேட்டேன். சாமி மேல் காலை வைக்கச் சொல்கிறாயா என்றார். இருவரும் சிரித்தோம். புத்தகத்தின் அந்த இரண்டு வரி அப்போது எனக்கு ஞாபகம் வந்ததா? வரவில்லை என்று சொல்லத்தான் ஆசை.

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சமையல்கட்டுக்குப் பின்னால் அடைப்பு. ஸ்பிரிங்கின் நுனி உள்ளே ஏதோ கோணிச் சுருளில் மாட்டிக்கொண்டது. நுனி நின்றது, டிரம் நிற்கவில்லை. வெளியே இருந்த ஸ்பிரிங் முறுக்கேறி, துள்ளி, கையுறையோடு வலது கையைச் சுற்றியது. பெடலில் கால் இருந்திருந்தால், காலை எடுத்த நொடியில் நின்றிருக்கும். கல்லும் பெடலும் அவருக்கு மூன்று எட்டு தள்ளிப் பின்னால் இருந்தன. வாட்ச்மேன் அருண்ராஜ் சத்தம் கேட்டு ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். பிறகு கல்லைத் தூக்கிப் புதரில் எறிந்ததும் அவர்தான். மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் மூன்று விரலை எடுத்தார்கள்.

நடந்ததை எழுதித் தரச் சொன்னார் குணசீலன். ஆள் செய்த தப்பு என்றால் வேலையில் வைக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். கல்லைப் பற்றி எழுத வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னது நான். பெடல் மக்கர் செய்தது, மிஷின் நிற்கவில்லை என்று எழுதினேன். கையெழுத்துப் போடத் தெரிந்த மனிதர், இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தினார்.

வேலை நிலைத்தது. ஆபத்தான மிஷின் என்று அதை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார்கள். மாமாவிடம் பழைய மூங்கில் தப்பையைக் கொடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். இப்போது அடைப்புக்குள் விடுகிற இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கடையில் புதிதாக ஒரு ஸ்பூன் வாங்கியிருப்பதாக அத்தை முன்பே சொல்லியிருந்தது.

"கல்லு வெச்சது நான்தான்னு எழுது மாப்ள."

"வேல போய்டும் மாமா."

"போவட்டும். கையி திரும்ப உள்ள போவுது. நான் இல்லன்னா நாளைக்கு இன்னொருத்தன் கையி. மிஷினு இன்னா பண்ணுச்சு?"

எழுதினேன். கடைசியில், முன்பு விட்ட இரண்டு வரியையும் தமிழில் சேர்த்தேன்: பெடல் மேல் எந்தப் பாரத்தையும் வைக்காதீர்கள். கை மாட்டினால் உங்களைக் காப்பாற்றுவது நீங்கள் எடுக்கும் கால் மட்டுமே. வாசித்துக் காட்டினேன்.

தாளை எட்டிப் பார்த்தார்.

"இது அந்தப் புக்குலயே இருந்துச்சா?"

"இருந்தது மாமா."

அவர் பெருவிரலை நீட்டினார். நான் மையைத் தடவினேன்.

மிஷின் வெளியே வந்தது. செங்கத்திலிருந்து ஒரு ஆளைப் போட்டார்கள். அவர் பூட்ஸ் காலால் பெடலை மிதித்து ஓட்டுகிறார் என்று அருண்ராஜ் சொன்னார். மாமாவை நிறுத்திவிட்டார்கள்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை தட்டை வைத்து ஸ்பூனையும் வைத்தது. மாமா ஸ்பூனை ஒதுக்கிவிட்டு, இடது கையால் பிசைந்தார். பாதி கீழே சிந்தியது. அத்தை அதைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. "சாப்புட்டியா மாப்ள?" என்று மாமா கேட்டார். அந்த இரண்டு வரியை ஏன் விட்டாய் என்று இதுவரை கேட்கவில்லை.