சூடு பார்க்கும் அப்பாக்கள்

ஓடுகிற ரேடியோவைக் கொண்டுவந்து கெடுத்துத் தரச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ரேடியோ ரிப்பேர்த் தொழிலில் இருந்தவர்கள் இப்போதே தலையாட்டுவீர்கள். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சமயம், மலாக்கா காஜா பேராங்கில் கடை போட்டிருந்தேன். மீசை முளைத்த மகனோ தாவணி போட்ட மகளோ இருந்தால் போதும், அந்த வீட்டு ரேடியோவுக்குக் காவல். அதற்கு நான் சம்பளமில்லாத ஜாகாவாக, காவல்காரனாக ஆக வேண்டுமாம். முடியாது என்றேன். அதனால் சில வாடிக்கைகள் போயின. போகட்டும்!

ஈரத் துண்டு

அந்தக் காலத்து வால்வு ரேடியோ கொஞ்ச நேரம் பாடினாலே சுட ஆரம்பித்துவிடும். வேலை முடிந்து வரும் அப்பாமார்கள், சட்டையைக் கழற்றுவதற்கு முன் ரேடியோவின் தலையில் கை வைத்துப் பார்ப்பார்கள். சுட்டால் பிள்ளை படிக்கவில்லை என்று அர்த்தம். புக்கிட் பாருவில் ஆபீஸ் கணக்கெழுதும் ஒரு கிராணியின் மகன், அப்பா வருவதற்குள் சூட்டைத் தணிக்க ஈரத் துண்டைப் போர்த்திவிட்டான். தண்ணீர் உள்ளே இறங்கி, ரேடியோ புகைந்து அடங்கியது.

"எப்படி நனைஞ்சுச்சு?" என்று கிராணி என்னைக் கேட்டார். உள்ளே ஒட்டியிருந்த நூலைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. காட்டிக் கொடுப்பேனா? "மலாக்காவுல கடல் காத்து சார், ஈரம் இறங்கும்" என்றேன்.

"கடல் காத்து என் துண்டப் போர்த்திக்கிட்டா வந்துச்சு?" என்று அந்த நூலை விரலால் சுட்டினார் கிராணி.

சத்தம் குறையக் கூடாது

மலாக்காச் செட்டிகள் வாழும் சிட்டிக் கம்பத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பெயர் தமிழ், கும்பிடுவது மாரியம்மனை, பேச்சு மட்டும் மலாய். மகள் ரேடியோப் பெட்டியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு மெதுவாக என்னவோ கேட்கிறாளாம். சத்தத்தைக் குறைக்கவே முடியாதபடி செய்து தர வேண்டுமாம். அதற்கும் முடியாது என்றேன். "அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்களே!" என்று நானும் மலாயில் எடுத்துச் சொன்னேன். எல்லாரும் கேட்கட்டும், நான் நிம்மதியாகத் தூங்கலாமே என்பது அவர் கணக்கு.

"பியார் செமுவா ஓராங் டெங்கார், சாயா போலே தீடோர்!"

செல்வியின் பெயர்

நேயர் விருப்பத்தில் பெயர் வந்தால் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாது. அஞ்சலட்டையில் எழுதிப் போட்டால் அறிவிப்பாளர் வரிசையாகப் படிப்பார். ஒரு நாள் எங்கள் தெரு செல்வியின் பெயரை அடுத்து, செங் என்ற ஊரில் இருக்கும் யாரோ ஒரு சேகரின் பெயர் வந்துவிட்டது. மறுநாளே அவள் அப்பா மாணிக்கம் ரேடியோவோடும் மகளோடும் கடைக்கு வந்துவிட்டார்.

"இதுல ஸ்டேஷன் எடுக்கக் கூடாது. இவளும் இனிமே ஸ்கூலுக்குப் போகமாட்டா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணே, அட்டை கையில கிடைச்ச வரிசையில படிக்கிறாங்க. அதுக்கு இவ படிப்ப நிறுத்துவீங்களா? எனக்கு ரிப்பேர் பண்ணத்தான் தெரியும், கெடுக்கத் தெரியாது" என்று சாமான் பெட்டியை மூடினேன்.

செல்வி அழவில்லை. அப்பாவை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "அந்த சேகர் யாருன்னே எனக்குத் தெரியாதுப்பா. ரேடியோவப் போட்டு உடைங்க, நான் கேக்கல. ஆனா ஸ்கூலுக்குப் போவேன்."

மாணிக்கம் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மறுநாள் காலை செல்வி புத்தகப் பையோடு என் கடையைத் தாண்டிப் போனாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சில வாரம் கழித்து அறிவிப்பாளர் படித்தார்: "காஜா பேராங் செல்வி, அவருடைய தந்தை மாணிக்கம்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தெருவில் அவரைப் பார்த்ததும் என்ன அண்ணே இது என்று கேட்டேவிட்டேன்.

"இனிமே அவ பேருக்குப் பக்கத்துல எவன் பேரும் வராது, அங்கதான் நான் உக்காந்திருக்கேனே!" என்றார் முறைப்பாக.

நான் ஒரு ரேடியோவையும் கெடுத்துக் கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாணிக்கம் வீட்டில் ரேடியோவின் தலையில் கை வைத்துச் சூடு பார்த்தவர் வெளியே போய் வந்த செல்வியின் அம்மா, புருஷன் வேலைக்குப் போனாரா பாட்டுக் கேட்டாரா என்று.