ஒண்ணும் வரல

எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கும் அறையிலிருந்து மிஷின்களை மினி லாரியில் ஏற்றிய அன்று நான் மாத்திரை வரிசையில் நின்றிருந்தேன். சுவரில் புதிதாக ஒரு போர்டு மாட்டினார்கள். இனி எல்லாச் சோதனையும் தேனியில் ஒரே இடத்தில், ஒரு தனியார் கம்பெனியோடு கூட்டு. அதற்குப் பெயர் ஒருங்கிணைப்பு. இருப்பதை அள்ளிக்கொண்டு போவதற்கு இவ்வளவு அழகான பெயர் வைக்க இவர்களால்தான் முடியும். பொய் சொல்லக்கூடாது, வெளியில் அலைந்து பார்த்த தைராய்டு சோதனையெல்லாம் அதன்பிறகு இங்கேயே கிடைத்தது. ஆனால் காய்ச்சல்காரர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கைக்கு வந்த ரிசல்ட், இப்போது ரத்தம் வேன் ஏறித் தேனிக்குப் போன பிறகு கம்ப்யூட்டர் வழியாக வரவேண்டியிருந்தது.

அந்த மழைக்காலத்தில் என் அக்காவுக்குக் காய்ச்சல் அடித்தது. அவள் கம்பத்தில் ஜீப் ஏறிக் கேரளாவில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள். வீட்டில் சும்மா படுத்திருக்க அவளால் ஆகாது. தெருவில் ஏற்கெனவே டெங்கு இருந்ததால் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ரத்தத்துல தட்டணு குறைஞ்சிருந்தா உடனே அட்மிட் ஆகணும். ரிசல்ட் பாக்காம எங்கயும் போயிராதீக."

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். மறுநாள் நான் சத்துணவு வேலைக்குப் போய்விட்டதால் அக்கா தனியாகப் போய் ரிசல்ட் கேட்டாள். கவுண்டரில் இருந்தவர், "இன்னும் ஒண்ணும் வரலக்கா" என்றிருக்கிறார்.

எங்கள் பக்கம் சோதனையில் நோய் தெரிந்தால் 'வந்துருச்சு' என்போம். சர்க்கரை வந்துருச்சு, காமாலை வந்துருச்சு. நோய் இல்லையென்றால் 'ஒண்ணும் வரல'. அவர் ரிப்போர்ட்டைச் சொன்னார், அக்கா நோயைக் கேட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் நான் வந்தபோது கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் வரலன்னு சொல்லிட்டாகடி. காச்சலும் விட்டுருச்சு. நாளைக்கு ஜீப்புக்குப் போறேன்" என்றாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. திருநீறு எடுத்து நெற்றியில் பூசிவிட்டேன். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

மறுநாள் அவள் மலை ஏறிய பிறகு ரிப்போர்ட் வந்தது. தட்டணு மோசமாகக் குறைந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போனுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏலத்தோட்டத்துக்குள் ஏது சிக்னல்? மத்தியானம் செடிகளுக்கு நடுவில் ரத்தவாந்தி எடுத்தாள். கூட வேலை பார்த்தவர்கள் ஜீப்பில் போட்டு மலையிறக்கி, தேனியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது நினைவு இருந்தது. "ஏன்டி, ஒண்ணும் வரலன்னுதான சொன்னாக?" என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அடுத்த நாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்ததும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குச் சண்டை போடப் போனேன். அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கம்மா, ரிப்போர்ட் டயத்துக்கு ஏறியிருக்கு. போனும் பண்ணியிருக்காக. எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கு." ஆஸ்பத்திரியே கூடும்படி கத்தினேன். எல்லாம் சரியாக நடந்து ஒருத்தி செத்துப்போவாளா? அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

சில மாதம் கழித்து அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க அங்கேயே போனேன். கவுண்டரில் அன்றைக்கு அக்காவுக்குப் பதில் சொன்ன அதே ஆள். எனக்கு முன்னால் நின்ற பெண் ரிசல்ட் கேட்டதும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

"ரிப்போர்ட்டு இன்னும் தேனியிலருந்து வந்து சேரலத்தா. நோய் இருக்கா இல்லையான்னு இப்பத் தெரியாது. கேக்காம வேலைக்குப் போயிராதீக."

அவளுக்குப் பின்னால் நின்றவருக்கும் அதையேதான் சொன்னார். என் முறை வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவரைத் திட்டாமல் அம்மாவின் சீட்டை நீட்டினேன். இப்படித் தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொள்ள இவர்களுக்கு என் அக்காதான் கிடைத்தாளா என்று வயிறு எரிந்தது.