வாபிள் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

1. முதல் நாள்

நான் கடலூர்க்காரி. சிதம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே, பயிற்சி வண்டியை ஓட்டிவிட்டு வந்த ஒரு அம்மா சாவியை மேசையில் வைத்தார்.

"வண்டில வாபிள் ஜாஸ்தியா இருக்கும்மா."

ஏதோ ஒரு பாகத்தின் பெயர் என்று நினைத்துவிட்டேன். "கழட்டிட்டு வேற மாட்டச் சொல்றேங்க" என்றேன்.

ஓனர் பாலு சார் குடித்துக்கொண்டிருந்த டீ சட்டையில் கொட்டிவிட்டது. அப்படிச் சிரித்தார்.

"செல்வி, வாபிள்னா பார்ட்ஸ் இல்லம்மா. ஆட்டம். ஹேண்டிலு நேரா நிக்காம இப்டியும் அப்டியும் ஆடுது பாரு, அதான்."

வாபிள் இரண்டு வகை என்றும் சொன்னார். ரிம் பெண்டானாலோ, ஹேண்டில் தண்டைத் தாங்கும் கோன் செட் லூசானாலோ, டயரில் காற்று குறைந்தாலோ வருவது வண்டியின் வாபிள். அது மெக்கானிக் வேலை. பயத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து, ஆமை வேகத்தில் போனால் வருவது ஓட்டுகிறவரின் வாபிள். அது நம் வேலை.

அந்த வார்த்தை என்னிடம் ஒட்டிக்கொண்டது. கால் ஆடும் நாற்காலி, மேடையில் நடுங்கும் குரல் எல்லாமே எனக்கு வாபிள்தான். தம்பிக்குப் பெண் பார்த்த சமயத்தில் என் அம்மாவே, "பொண்ணு வூட்டுல பேச்சு வாபிள் ஆவுதுடி" என்றார்.

2. மேரி அக்கா

சகாயமேரி அக்கா அண்ணாமலை நகரில் குடியிருந்த நர்ஸ். ஐம்பது வயது தாண்டியவர். சேத்தியாத்தோப்புக்கு அப்பால் ஒரு கிராமத்து சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வந்திருந்தது. சேத்தியாத்தோப்பு வரைதான் பஸ். அதற்கு மேல் சொந்த வண்டி இல்லாமல் முடியாது.

"வேலைய வுட்டுடுன்றாரு எங்க வூட்டுக்காரரு. பிரசவம் பாத்த கை செல்வி, சும்மா கெடக்காது" என்றார்.

சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஹேண்டிலை நசுக்குவதுபோலப் பிடிப்பார். "ஆடாதீங்கக்கா!" என்று நான் கத்துவேன். கத்தக் கத்த ஆட்டம் கூடும். லைசென்ஸ் டெஸ்டில் எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டார். ஃபெயில்.

மரத்தடியில் உட்கார்ந்து, "வேணாம் செல்வி. வேலைய வுட்டுடுறேன்னு எழுதிக் குடுத்துடுறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது.

பேச்சை மாற்றலாமென்று, "பிரசவத்துக்கு வர்ற பொண்ணுங்க பயந்தா என்னக்கா சொல்வீங்க?" என்று கேட்டேன்.

"பயப்படாதன்னு மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னா இன்னும் பயந்துடுவாங்க. மூச்ச வுடு, என்னையப் பாருன்னுவேன்."

சட்டென்று எனக்கு உறைத்தது. மறுநாள் காலை காலியான சாலையில் வண்டியைக் கொடுத்து, "ஆடட்டும்க்கா. மூச்ச வுடுங்க. கீழ பாக்காம அந்தக் கோடியில இருக்கற புங்கமரத்தப் பாருங்க. கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடுங்க" என்றேன்.

வண்டி இரண்டு தரம் ஆடியது. பிறகு கோடு போட்டதுபோல் நேராகப் போனது. புங்கமரத்தையும் தாண்டிப் போனது.

"செல்வீ! நிறுத்தறது எப்டி? மறந்துடுச்சு!"

செருப்பை உதறிவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவரே பிரேக் பிடித்து, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

3. மறுபடி எட்டு

அடுத்த டெஸ்டில் எட்டின் இரண்டாவது வளைவில் ஹேண்டில் ஆடியது. அக்கா உதட்டைக் குவித்து மூச்சை ஊதினார், ஆக்ஸிலேட்டரைத் திருகினார், கால் ஊன்றாமல் முடித்தார்.

"பாஸும்மா" என்றார் இளவயது இன்ஸ்பெக்டர்.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? பிரசவத்துக்கு எங்க சென்டருக்கே கூட்டியாந்துடுங்க!"

இன்ஸ்பெக்டர் முகம் சிவந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அக்கா இன்றும் தினமும் சேத்தியாத்தோப்பு தாண்டி ஓட்டிக்கொண்டு போகிறார். அவரைப் பார்த்து அந்தக் கிராமத்திலிருந்து மூன்று பெண்கள் எங்கள் ஸ்கூலில் சேர்ந்தார்கள். முதல் நாள் மூவரும் ஆடின ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. நான் யாரையும் அதட்டவில்லை. இந்த வேலையில் நான் கற்றது இதுதான்: ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வண்டிக்கு வாபிள் வராது. ஆடுகிறது என்றால் கிளம்பிவிட்டோம் என்று அர்த்தம்.